விரால் குஞ்சு தானா போயி தாய் வாய்க்குள்ள விழுமாமே, உண்மையா? கம்மாயில செவப்பு பந்து பாத்தேன்

கம்மாக்கரை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். சிவகங்கை மாவட்டம், திருப்பத்தூர் பக்கம் ஒரு சின்ன ஊரு எங்களுக்கு. ரெண்டு வருசமா சரியா பெருகாத கம்மா இந்த ஐப்பசி மழையில முக்காவாசி நெறஞ்சிருச்சு, ஊரே சந்தோசமா இருக்கு. போன ஞாயித்துக்கிழம எம்மகள கூட்டிக்கிட்டு மடை பக்கம் போயி நின்னேன், ஏழாவது படிக்கிறா, அவதான் மொதல்ல பாத்தா. ஆம்பல் எலைக்கு நடுவுல தண்ணி மேல மொளகாப்பொடி தூவுன மாதிரி செவப்பா ஒரு வட்டம், கொதிக்கிற மாதிரி படபடன்னு மேல வருது, ஒரு நொடியில எல்லாமே ஒண்ணா உள்ள போயிருது, திரும்ப ரெண்டடி தள்ளி மேல வருது. குனிஞ்சு பாத்தா அத்தனையும் மீன் குஞ்சு, ஒவ்வொண்ணும் சுண்டுவெரல் நகம் அளவுதான் இருக்கும், ஆயிரத்துக்கு கொறையாது. அதுக்கு அடியில கருப்பா மொழங்கை நீளத்துக்கு ஒண்ணு அசையாம நிக்கிது. எங்க சித்தப்பா மகன் பாத்துட்டு விரால்டா அதுன்னு சொன்னான்.

வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட சொன்னா அவங்க வாட்சப்ல வந்த ஒண்ண எடுத்து காட்டுறாங்க. விரால் முட்ட போட்டதும் அதுக்கு கண்ணு தெரியாம போயிருமாம், எர தேட முடியாம பட்டினி கெடக்குமாம், அது சாகக்கூடாதுன்னு குஞ்சுகளே ஒண்ணொண்ணா அது வாய்க்குள்ள போயி எரையா ஆகுமாம், பெத்தவளுக்காக உயிர குடுக்குற ஒரே மீன் அதுதானாம். எம்மக அத படிச்சிட்டு ராத்திரி சாப்புடவே இல்ல. அப்பா அந்த குஞ்செல்லாம் செத்துருமான்னு கேக்குறா, எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. இது உண்மையா?

இன்னும் ரெண்டு விசயம் கேக்கணும். எனக்கு ஒரு பண்ணைக்குட்டை இருக்கு, போன மாசம்தான் கட்லா ரோகு குஞ்சு வாங்கி விட்டேன், ரெண்டு வெரக்கட அளவு இருக்கும். இந்த செவப்பு குஞ்சுல ஒரு பக்கெட் அள்ளிக்கிட்டு போயி அதுல விட்டா வளருமா? எங்க சந்தையில கட்லா விக்கிற வெலைக்கு மூணு மடங்குக்கு மேல உயிர் விரால் போகுது, அதான் ஆச. ரெண்டாவது, சித்தப்பா மகன் இப்பதான்டா நேரம், தவளய கோத்து பந்து மேல போட்டா பெரிசு ஒடனே கவ்வும்னு குதிக்கிறான். நாந்தான் இருடா கேட்டுட்டு சொல்றேன்னு நிறுத்தி வச்சிருக்கேன். தெரிஞ்சவங்க சொல்லுங்க.


டெல்டா தூண்டில் எழுதியது:

தம்பி, நிறுத்தி வச்சீங்க பாருங்க, அதுக்கே ஒங்களுக்கு ஒரு கும்புடு. தஞ்சாவூர் பக்கம் வெண்ணாத்து வாய்க்கா, குளம், குட்டைன்னு நாப்பது வருசமா விரால் தூண்டில் போடுறவன் நான், எனக்கு தெரிஞ்சத சொல்றேன்.

ஒங்க சித்தப்பா மகன் சொல்றது உண்மதான், பந்து மேல தவளய போட்டா அது கவ்வும். ஆனா பசிச்சு கவ்வாது. குஞ்சுகிட்ட வந்த தவளய கொல்லணும்னு பாயிறது அது. சும்மா திரியிற விரால புடிக்கிறது எவ்வளவு கஷ்டம்னு தூண்டில் போடுறவனுக்கு தெரியும், நெழல் பட்டாலே கெளம்பிரும், ஒரு நாள் பூரா நின்னாலும் ஒண்ணு மாட்டாது. குஞ்சு காக்குற விரால் மட்டும் எங்கயும் போவாது. நாலு தடவ தவறுனாலும் அஞ்சாவது தடவையும் வந்து அடிக்கும். அத வச்சுதான் நெறய பேரு சுளுவா புடிக்கிறான்.

இப்ப ஒங்க மகளுக்கு பதில். கண்ணு தெரியாத மீனு தண்ணி மேல ஓடுற தவளய மூணடி தள்ளியிருந்து எப்புடிம்மா குறி வச்சு அடிக்கும்? விராலுக்கு முட்ட போட்டாலும் கண்ணு நல்லா தெரியும். நான் கரையில துண்ட ஒதறுனாலே கீழ நிக்கிறது திரும்பிப் பாக்கும்.

நான் இருபது வயசுல ஒரு தப்பு பண்ணேன், இன்னும் மறக்கல. எங்க ஊர் ஐயனார் கோயில் குளத்துல இதே மாதிரி ஒரு பந்து, சாயங்காலம் தவளய போட்டு பெரிச எடுத்துட்டேன், ஒண்ணே கால் கிலோ இருந்துச்சு, வீட்டுல குழம்பு வச்சு எல்லாரும் சாப்புட்டோம். மறுநாள் காலையில சும்மா அந்த பக்கம் போனா பந்து பாதிதான் இருந்துச்சு, கொரவையும் கெளுத்தியும் அடியில இருந்து அடிக்கிது, ஒரு தண்ணிப்பாம்பு ஓரத்துல சுத்துது. குஞ்சுங்க எங்க போவுறதுன்னு தெரியாம ஒரே எடத்துல சுத்திக்கிட்டே இருந்துச்சுங்க. அன்னிக்கு சாயங்காலம் போனேன், தண்ணி வெறும் பச்சையா கெடந்துச்சு. ஒரு மீன சாப்புட்டு ஆயிரம் மீன அழிச்சேன். அதுலேருந்து பந்து இருக்குற பக்கம் தூண்டில் வீசறதே இல்ல, நம்ம பசங்களுக்கும் அதத்தான் சொல்லி வச்சிருக்கேன்.


மீன்வளம் நாகை எழுதியது:

நான் மீன்வளம் படிச்சிட்டு இப்ப குஞ்சு பொரிப்பகத்துல வேல பாக்குறேன், ஐயா சொன்னதுக்கு மேல கொஞ்சம் சேத்து சொல்றேன்.

விரால்ல ஆணும் பொண்ணும் ஜோடி சேந்து ஆழம் கம்மியான, செடி கொடி இருக்குற ஓரமா பாத்து ஒரு எடம் புடிக்கும். அங்க இருக்குற பாசிய, தண்டுகள வாயாலயே கடிச்சு ஒதுக்கி வட்டமா ஒரு தெளிவான எடம் பண்ணும், கரையில நின்னு பாத்தா தட்டு மாதிரி தெரியும். அதுலதான் முட்ட. முட்டைக்குள்ள எண்ணெ துளி இருக்கறதால மஞ்சளா, ஜவ்வரிசிய விட சின்னதா தண்ணி மேல மெதக்கும், ஆயிரக்கணக்குல இருக்கும். நம்ம ஊரு சூட்டுக்கு ஒரு நாள், ஒண்ணர நாள்லயே பொரிஞ்சிரும். அடுத்து மூணு நாலு நாள் வயித்துல இருக்குற மஞ்சக்கருவுலயே ஓட்டும், அப்புறம் தண்ணியில இருக்குற கண்ணுக்கு தெரியாத பூச்சிகள திங்க ஆரம்பிக்கும். நீங்க பாத்தது அதுக்கும் மேல வளந்த குஞ்சு. அந்த ஆரஞ்சு செவப்பு நிறம் ரெண்டு அங்குலம் வாக்குல வளர்ற வரைக்கும்தான் இருக்கும், பிறகு மங்கி பழுப்பாகி பச்சையாகி வரி விழுந்துரும், கூட்டமும் கொஞ்சம் கொஞ்சமா பிரிஞ்சிரும். அது வரைக்கும் மூணு நாலு வாரம், சில நேரம் அதுக்கு மேலயும், பெரிசு கூடவே நிக்கும். பெரும்பாலும் ஆண்தான் ஒட்டி நிக்கிறது, பொண்ணும் பக்கத்துல சுத்தும். அதனால உங்க பொண்ணு பாத்தது தாயா இருக்கறத விட தகப்பனா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம், அத மறக்காம சொல்லுங்க.

படபடன்னு மேல வர்றது ஏன்னு கேட்டா, விரால் குடும்பமே காத்த குடிச்சு வாழற மீன். செவுளுக்கு மேல ஒரு அறை இருக்கு, அதுல காத்த அடச்சு வச்சு அதுலருந்து ஆக்சிஜன் எடுத்துக்கும். வளந்த விரால் சில நிமிஷத்துக்கு ஒரு தடவ மேல வந்து ஒரு வாய் காத்து எடுத்தே ஆகணும், மேல வரவே விடாம வலையில அடியில சிக்க வச்சுட்டா தண்ணிக்குள்ளயே மூச்சு முட்டி செத்துரும். இதே காரணத்தாலதான் கோடையில கம்மா சேறா போனாலும் சேத்துக்குள்ள பொதஞ்சு ஈரம் இருக்குற வரைக்கும் தாங்கும், சந்தையில தண்ணியே இல்லாம ஈரச்சாக்குல போட்டு வச்சாலும் மணிக்கணக்கா உயிரோட இருக்கும். குஞ்சுக்கு அந்த உறுப்பு வளர ஆரம்பிச்சதும் அதுவும் மேல வரும், எல்லாம் ஒண்ணா வரும்.

வாய்க்குள்ள போற கத எப்படி வந்திருக்கும்னு நான் யோசிச்சு பாத்திருக்கேன். பெரிசும் காத்துக்காக குஞ்சு கூட்டத்துக்கு நடுவுலதான் மேல வருது, வாய தெறந்து காத்து எடுக்கும்போது சுத்தி குஞ்சு மொய்க்கிது, மேல இருந்து பாக்குறவங்களுக்கு குஞ்சு வாய்க்குள்ள போற மாதிரியே தெரியும். இது என் ஊகம்தான். ஆனா ஒரு உண்மையும் இருக்கு, மறைக்க விரும்பல. விரால் தன் இனத்தையே திங்கிற மீன். கூட்டம் பிரிஞ்ச பிறகு பெரிய விரால் சின்ன விரால தின்னும், அண்ணன் தம்பியே ஒண்ண ஒண்ணு விழுங்கும், தன் நீளத்துல பாதிக்கு மேல இருக்குற குஞ்சையும் உள்ள தள்ளிரும். காவல் காக்குறப்ப ரொம்ப தொந்தரவு பண்ணா பெரிசு விட்டுட்டு போயிடறதும் உண்டு. குஞ்சு தானா போயி தியாகம் பண்றதுங்கறது மட்டும் கெடையாது.

பண்ணைக்குட்டை விஷயத்துக்கு வரேன், தயவு செஞ்சு அள்ளாதீங்க. உங்க கட்லா ரோகு இன்னும் ரெண்டு வெரக்கடதான், விரால் மத்த மீன புடிச்சு திங்கிற மீன், வளர வளர சின்ன குஞ்செல்லாத்தையும் தின்னும், விராலுக்குள்ளயும் நாலு பெரிசு மத்தத தின்னுட்டு நிக்கும். கம்மாயில இருந்து அள்ளுன குஞ்சுல நெறய செத்துரும், அதுங்க உயிர் எரை தேடும், தவிடு புண்ணாக்கு போட்டா திரும்பிக்கூட பாக்காது. உண்மையிலேயே விரால் வளக்கணும்னா பொரிப்பகத்துல தாய் மீனுக்கு ஹார்மோன் ஊசி போட்டு பொரிக்க வச்சு, மெதக்குற தீவனம் சாப்பிட பழக்குன குஞ்சா, ஒரே சைஸா வாங்கணும். வாராவாரம் பெருசு சிறுச பிரிக்கணும், தீவனத்துல புரதம் நாப்பது சதவீதத்துக்கு கொறையக்கூடாது, குட்டைய சுத்தி வலை கட்டணும் இல்லன்னா மழை பெய்யிற ராத்திரி கரையேறி ஊந்து போயிரும். எட்டு பத்து மாசத்துல முக்கா கிலோ, ஒரு கிலோ வரும். நல்லா செஞ்சா நல்ல லாபம், ஆனா செலவும் கவனிப்பும் கட்லாவ விட பல மடங்கு.

இன்னொண்ணு, உங்க கம்மா மீன்பாசி, அதாவது மீன் புடிக்கிற உரிமை, ஏலம் போனதான்னு பாருங்க. குத்தகைக்கு எடுத்தவர் இருந்தா குஞ்சு அள்ளுறது ஊருக்குள்ள தேவையில்லாத சண்டைய கொண்டு வரும்.


அப்பத்தா பேரன் எழுதியது:

எல்லாம் சரிதான், படிச்சவங்க சொல்றீங்க ஏத்துக்கறேன், ஆனா அந்த கதைய ஒரேயடியா பொய்னு தூக்கி போட எனக்கு மனசு வரல. நான் புதுக்கோட்ட. வாட்சப் வர்றதுக்கு முப்பது வருசம் முன்னாடியே எங்க அப்பத்தா இத எனக்கு சொல்லியிருக்காங்க. குஞ்சோட இருக்குற விரால புடிச்சுட்டு வந்தா எங்க வீட்டுல அடுப்புல ஏத்த மாட்டாங்க, புள்ளதாச்சிய வெட்டுன பாவம்டா, அது கண்ணு தெரியாம கெடக்கு, குஞ்சுதான் அதுக்கு சோறு போடுது, போயி விட்டுட்டு வான்னு தொரத்துவாங்க. எங்க சித்தப்பா ஒரு தடவ உயிரோட இருந்தத திரும்ப கொண்டு போயி விட்டத நானே பாத்திருக்கேன். கண்ணு தெரியுமா தெரியாதான்னு அப்பத்தாவுக்கு தெரிஞ்சிருக்குமோ என்னமோ, ஆனா அந்த ஒரு கதையால எங்க ஊர் கம்மாயில விரால் இருந்துச்சு. மாசி பங்குனியில தண்ணி வத்தி கம்மா அழியிற, அதாவது மீன்பிடி விடுற அன்னைக்கு பெரியவங்க வெள்ளத்துண்ட வீசுனதும் ஊரே ஊத்தா கூடையோட எறங்கும், எறங்குன பாதி பேருக்கு விரால் கெடைக்கும், சேத்துக்குள்ள கால் வச்சா காலுக்கடியில நெளியும். இப்ப ஜிலேபி மீனும் கெளுத்தியுந்தான் வருது. அதனால கதைய சொன்னவங்கள குத்தம் சொல்லாதீங்க, அவ்வளவுதான்.


மீன்வளம் நாகை எழுதியது:

அண்ணே நீங்க சொல்றது ரொம்ப சரி, அப்பத்தா மேல எனக்கு பெரிய மரியாத. நான் கதைய மறுத்தது அந்த சின்னப்பொண்ணு குஞ்செல்லாம் சாகுதுன்னு சாப்புடாம கெடக்குறான்னு சொன்னதாலதான். அவளுக்கு உண்மை தெரிஞ்சா நிம்மதியா இருக்கும், உண்மையே அந்த கதைய விட பெருசுதான், ஒரு தகப்பன் ஒரு மாசம் வாக்குல குஞ்ச விட்டு நகராம நிக்கிறான்.

விரால் கொறஞ்சதுக்கு நீங்க கேக்காமலே ரெண்டு காரணம் சொல்றேன். 1988ல இந்தியாவுக்குள்ள வந்த புண்ணு நோய் ஒண்ணு, ஒரு வக பூஞ்சை மாதிரி உயிரி ஒடம்ப தின்னு ஓட்ட போடும், அது மத்த மீன விட விரால் குரவையத்தான் ரொம்ப அடிச்சுது. இப்பவும் மழ முடிஞ்சு மார்கழி தை குளிர்ல தண்ணி குளுந்ததும் செவப்பு புண்ணோட விரால் மெதக்கறத பாக்கலாம், முன்கூட்டியே சுண்ணாம்பு போட்டா கொஞ்சம் கட்டுப்படும். இன்னொண்ணு ஆப்பிரிக்க கெளுத்தி, தடை பண்ண மீன், ஆனா திருட்டுத்தனமா வளத்து வெள்ளத்துல தப்பிச்சு கம்மாக்குள்ள போயிருச்சு, வாயில படுற எல்லாத்தையும் தின்னும். உங்க கம்மாயில பெரிய மீசையோட சாம்பல் நெறத்துல ரொம்ப பெருசா கெளுத்தி மாட்டுனா திரும்ப தண்ணியில விடாதீங்க.


ஓடைமீன் கோவை எழுதியது:

வணக்கங்க. நான் பண்ணைக்காரன் இல்லீங்க, வீட்டுல தொட்டியில விரால் வகைய வெச்சு வளக்கறவன். உங்க பொண்ணுக்கு சொல்றதுக்கு என்கிட்ட ஒண்ணு இருக்குதுங்க, அதுக்காகவே எழுதறேன்.

மலையடிவார ஓடையில ஒரு குட்டி விரால் இருக்குதுங்க, பெரும்பாலும் அரையடிக்கு மேல வளராது, துடுப்பு ஓரமெல்லாம் நீலமும் ஆரஞ்சுமா அவ்வளவு அழகா இருக்கும். சானா கச்சுவான்னு சொல்லுவாங்க. பெரிய விரால் மாதிரி இது முட்டைய மெதக்க விட்டு காக்கறதில்ல. ஆண் மீன் அத்தன முட்டையையும் வாயில அள்ளி வெச்சுக்குதுங்க. நாள் கணக்குல ஒண்ணும் திங்காம, தொண்டை உப்பிப்போயி ஒரு மூலையில நிக்கும். குஞ்சு வெளிய வந்த பொறவு நடக்கறதுதான் நான் சொல்ல வந்தது. பொண்ணு மீன் வந்து குஞ்சு கூட்டத்துக்கு நடுவுல கொஞ்சம் முட்டைய விடும், கருவாகாத முட்டை, குஞ்சு திங்கறதுக்குன்னே விடற முட்டை. குஞ்செல்லாம் ஓடி வந்து அது வயித்துக்கடியில மொய்ச்சு திங்குதுங்க. என் தொட்டியில மொதல் தடவ பாத்தப்ப என் சம்சாரத்த, பசங்கள எல்லாத்தையும் கூப்புட்டு காட்டுனேன், அரை மணி நேரம் யாரும் அந்த எடத்த விட்டு நகரல. இலங்கையில ஓடைகள்ல இருக்கற சானா ஓரியண்டாலிஸ்ங்கற வகையிலயும் இதே பழக்கம் இருக்குதுங்க.

அந்த கதையில புள்ளைங்க அம்மாவுக்கு சோறாகுதுங்க. இங்க அம்மா தன் முட்டையவே புள்ளைங்களுக்கு சோறா போடுது. உங்க பொண்ணுகிட்ட சொல்லுங்க, அன்னைக்கு ராத்திரி நல்லா சாப்பிடுவா.

விரால்ல இத்தன வகை இருக்குதுன்னு நிறைய பேருக்கு தெரியாதுங்க. 2018ல கேரளாவுல பெரிய வெள்ளம் வந்துதுல்ல, அதுக்கப்பறம் மலப்புறம் மாவட்டத்துல நிலத்துக்கடியில தண்ணியில வாழற ஒரு விரால் சொந்தம் வெளிய வந்துது, 2019ல அதுக்கு பேர் வெச்சாங்க, அப்பறம் அடுத்த வருஷமே அதுக்குன்னு தனிக் குடும்பமே ஒதுக்குனாங்க. அதுக்கு காத்து குடிக்கற அந்த அறையே கெடையாதுங்க.


வாவிக்கரை எழுதியது:

நான் மட்டக்களப்பு. இந்தத் திரியை வாசிச்சதும் எங்கட வீட்டு நினைவு வந்திட்டு, அதான் எழுதுறன். எங்கட பக்கம் மாரி மழைக்குக் குளம் நிறைஞ்சு வயலுக்குள்ள தண்ணி ஏறினா விராலும் வயலுக்குள்ள வந்திரும், வரம்போரம் இந்தச் சிவப்புக் குஞ்சைக் காணலாம். அப்பா கரப்புக் குத்த, அதாவது மூங்கில் கூடையால மீன் பிடிக்க, போகேக்க என்னையும் கூட்டிக்கொண்டு போவார். கரப்புக்குள்ள விரால் விழுந்தா அது மூங்கிலில அடிக்கிற அடி கைக்குத் தெரியும், பனையான், குறட்டை மாதிரி மத்த மீனெல்லாம் அப்பிடி அடிக்காது. ஆனா குஞ்சு நிக்கிற இடத்துக்கு அப்பா போகமாட்டார், சுத்திப் போவார். ஏன் எண்டு கேட்டா, பொறு மகன், அது இன்னும் பெருசாகட்டும் எண்டு மட்டும் சொல்லுவார்.

இன்னொரு விசயம். இந்தோனேசியாவில, மலேசியாவில ஒப்பரேசன் செஞ்ச ஆக்களுக்கும் பிள்ளை பெத்த ஆக்களுக்கும் புண் ஆற எண்டு விராலத்தான் காய்ச்சிக் குடுக்கிறவை. நான் மலேசியாவில வேலை செய்யேக்க பக்கத்து வீட்டு மலாய் அம்மா ஒருவ என்ர மனிசிக்குப் பிள்ளை பிறந்த நேரம் ஒரு சட்டி நிறைய விரால் ரசம் மாதிரிக் கொண்டு வந்து தந்தவ. அங்க அதுக்கு ஹாருவான் எண்டு பேர். கடல் கடந்து போயும் அதே மீன், சொல் மட்டும் வேற.


ஐதராபாத் வாசி எழுதியது:

ஐதராபாத்ல பதினஞ்சு வருஷமா இருக்கேன், சின்னதா ஒரு தகவல். இங்க விரால கொர்ரமீனுன்னு சொல்லுவாங்க, தெலங்கானாவோட மாநில மீனே அதுதான், 2016ல அறிவிச்சாங்க. ஜூன்ல மிருகசீரிஷ கார்த்திங்கற நாள்ல நாம்பள்ளி எக்ஸிபிஷன் கிரவுண்டுல ஆஸ்துமாவுக்குன்னு உயிர் விரால் குஞ்சு வாயில மருந்த வச்சு, அந்த குஞ்ச நோயாளிங்கள விழுங்க வைப்பாங்க, ஆயிரக்கணக்குல ஜனம் வரும், எங்க பக்கத்து வீட்டு தாத்தா வருஷா வருஷம் போவார். இதனால ஆஸ்துமா கொணமாகும்னு மருத்துவத்துல நிரூபிக்கப்படல, வீட்டுல யாருக்காவது இருந்தா இன்ஹேலர நிறுத்தாதீங்க. நம்ம ஊர்ல இவ்வளவு கொண்டாடாத மீன இங்க மாநில அடையாளமா வச்சிருக்காங்கன்னு சொல்லத்தான் எழுதினேன்.


கம்மாக்கரை எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. இவ்வளவு பேரு ஒக்காந்து எழுதுவீங்கன்னு நெனைக்கவே இல்ல. எம்மகள பக்கத்துல ஒக்கார வச்சு அத்தனையும் வாசிச்சு காட்டுனேன். தகப்பன்தான் காவல் நிக்கிறதுன்னு சொன்னதும் அவ என்னைய ஒரு பார்வ பாத்தா, அத என்னால எழுத முடியாது. கோவை அண்ணன் சொன்ன முட்டை விசயத்த மட்டும் மூணு தடவ வாசிக்க சொன்னா. அன்னைக்கு ராத்திரி மூணு தோச.

பண்ணைக்குட்டைக்கு குஞ்சு அள்ளுற நெனப்ப விட்டுட்டேன். கட்லா ரோகு இந்த தடவ எடுத்து முடியட்டும், குட்டைய காய வச்சு வலை கட்டி, அடுத்த வருசம் பொரிப்பகத்துல வாங்கி செய்யலாம்னு இருக்கேன், நாகை தம்பிகிட்ட அப்ப திரும்ப கேப்பேன். கம்மா இன்னும் ஏலம் போகல, தை மாசம்தான் விடுவாங்களாம். சித்தப்பா மகன்தான் லேசுல ஒத்துக்கல. டெல்டா ஐயா எழுதுனத, அந்த ஐயனார் குளத்து விசயத்த, அவன்கிட்ட செல்ல குடுத்து நீயே படிடான்னு சொன்னேன். படிச்சுட்டு ஒண்ணும் பேசல, தவளய சாயங்காலம் அவனே வயல்ல விட்டுட்டான்.

ஒரு சந்தேகம் மட்டும் இருக்கு ஐயா. குஞ்சு இருக்குற எடத்துக்கு கொக்கும் நீர்க்காகமும் காலைல வருது. நாங்க போயி வெரட்டலாமா, இல்ல அதுவும் தொந்தரவா?


டெல்டா தூண்டில் எழுதியது:

வெரட்ட வேணாம் தம்பி. நீங்க கரையில ஓடுனா ஒங்களப் பாத்துதான் விரால் மெரளும், கொக்க பாத்து மெரளாது. பந்த மொத்தமா உள்ள எறக்கிட்டு தகப்பன் பாத்துக்கும், நூறு எரநூறு போவும், அது கணக்குல சேந்ததுதான். ஆம்பல் கொடிய யாரும் அறுக்காம மட்டும் பாத்துக்குங்க, அந்த எலதான் அதுக்கு கூரை. மடைய அந்த பக்கம் திடீர்னு தெறந்தா தண்ணி இழுப்புல குஞ்சு வயலுக்கு போயிரும், முடிஞ்சா மடைக்காரர்கிட்ட ஒரு வார்த்த சொல்லி வைங்க. காலைல வெயில் ஏறுறதுக்கு முன்னாடி போயி தூர நின்னு பாருங்க, நெழல் தண்ணியில விழாம. பொண்ணையும் கூட்டிக்கிட்டு போங்க.

நம்ம பாட்டுக்காரங்க ஆயிரக்கணக்கான வருசத்துக்கு முன்னாடியே இத பாத்துருக்காங்க. அப்ப வரால்னு பேரு. வாய் அகண்ட, ஒடம்பெல்லாம் வரி போட்ட ஆண் வரால் தூண்டில விழுங்கிட்டு ஆம்பல் எலைய கிழிச்சு, குவளப்பூவ செதச்சு, கயித்துல கட்டுன முரட்டுக்காள மாதிரி இழுத்த இழுப்புக்கு வராம குளத்தையே கலக்குறத ஒரு சங்கப் பாட்டுல சொல்லியிருக்கு. தூண்டில் போட்டு அந்த இழுப்ப கையில வாங்காதவன் அப்புடி எழுதியிருக்க முடியாதுன்னுதான் எனக்கு தோணும். ஒங்க சித்தப்பா மகன்கிட்ட சொல்லுங்க, மாசியில தண்ணி வத்துனதும் அவன் இங்க வரட்டும், குஞ்சு இல்லாத பெரிய விரால எப்புடி புடிக்கிறதுன்னு நான் சொல்லித்தரேன்.


கம்மாக்கரை எழுதியது:

சொல்லிட்டேன் ஐயா, கண்டிப்பா வர்றானாம்.

இன்னைக்கு காலைல ஆறு மணிக்கு நானும் மகளும் போனோம். மடைக்காரர் தாத்தாவும் வந்தாரு, எடத்த காட்டுனோம், வடக்கு மடையத்தான் தெறக்கப்போறேன் இந்த பக்கம் வரலன்னு சொல்லிட்டாரு. பந்து நாலஞ்சு அடி தள்ளி வேலங்கொப்பு விழுந்து கெடக்குற எடத்துக்கு நகந்திருக்கு. முன்ன மாதிரி பளீர்னு செவப்பு இல்ல, முதுகு பக்கம் லேசா பழுப்பு தட்டிருச்சு. ஒரு தவள அந்த பக்கமா தாவுச்சு, கீழ இருந்து டப்புன்னு ஒரே அடி, தண்ணி எங்க கால் வரைக்கும் தெறிச்சுச்சு. தவளய காணோம். எம்மக என் கைய இறுக்கி புடிச்சுக்கிட்டா, அப்பா அது பாத்துட்டு இருக்குன்னு மெதுவா சொன்னா.